ஐம்பத்திரண்டாவது பல்

நாற்காலியில் சாய்ந்து வாயை அகலத் திறந்து கிடந்த அம்மையாருக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பதைப் பல் டாக்டர் மறந்துவிட்டார். தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனை இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த சின்னக் கொக்கியை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"முன்னாடி முப்பத்திரண்டு இருக்கட்டும், அது ஊர்ல எல்லாருக்கும் இருக்கிறதுதான். பின்னாடிதான் பத்தாது. இருக்கிறதை மொத்தமாக் கழட்டிட்டு ஐம்பத்திரண்டு பல்லாப் போட்டுடலாம். இரும்புல வந்தாலும் பரவாயில்லை."

கழுத்தில் கட்டிய துணியோடு அம்மையார் எழுந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படியிறங்கினார் என்று நர்ஸ் பிறகு சொன்னாள். அவர் வெறும் பல் சுத்தம் செய்துகொள்ள வந்தவர் என்பதையும் அவளே சொன்னாள்.

டாக்டருக்கு அதெல்லாம் மனதில் ஏறவில்லை. போனில் இருந்தவர் சைக்கிள் கடைக்காரர். பேச்சு மலையேறும் சைக்கிளின் பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக இருக்கும் கியர் பல்சக்கரங்களைப் பற்றியது. அந்த அடுக்கில் ஆகப் பெரிய சக்கரத்துக்கு ஐம்பத்தொரு பல்லா, ஐம்பத்திரண்டு பல்லா என்பதில் டாக்டரின் குடும்ப கௌரவமே மாட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் சகலையால் வந்தது.

சகலை என்றால் மனைவியின் தங்கை கணவர். ஆபீஸ்களுக்கு நாற்காலி விற்கிறவர். கொக்கு மாதிரி நெட்டையாக, கையும் காலும் யாரிடமோ இரவல் வாங்கியது போல இருப்பார். போன வருஷம்வரை மாமனார் குடும்பத்தில் முதல் மரியாதை டாக்டருக்குத்தான். அந்தக் குடும்பத்தில் யார் சிரித்தாலும் தெரிவது டாக்டரின் கைவேலை. சகலை ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தான் உட்கார்ந்த நாற்காலியின் குறைகளைச் சொல்லிவிட்டுப் போகிறவர். அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு பச்சை நிறச் சைக்கிளை வாங்கினார். ஊருக்கு வெளியே, உச்சியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிற மலைச்சாலையில், காலையில் அந்தச் சைக்கிள் ஏற ஆரம்பித்தது. கைப்பிடியில் பொருத்திய சின்னக் கருவி, ஏறிய வேகத்தை அளந்து ஒரு பட்டியலுக்கு அனுப்பும். யார் வேண்டுமானாலும் அதைப் போனில் பார்க்கலாம். மூன்றே மாதத்தில் பட்டியலின் உச்சியில் சகலையின் பெயர் நின்றது.

டாக்டரால் சகித்துக்கொள்ள முடியாதது அந்தப் பட்டியல்கூட இல்லை. அதைப் பார்க்கும்போது மனைவியின் முகம் போகிற போக்குத்தான். சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு இன்னும் சீக்கிரம் ஏறியாச்சு, பாருங்க" என்பாள். சொல்லும்போது கன்னம் சிவக்கும், கண் மினுங்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், எவ்வளவோ கடினமான கடைவாய்ப் பல்லை டாக்டர் பிடுங்கியிருக்கிறார். ஒரு பல்லுக்காவது அவள் அப்படி முகம் மலர்ந்ததில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், சகலை ஏதோ குறுக்குப் பாதையில் போய் ஏமாற்றுகிறான் என்று சொல்லிவிட்டார். அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"குறுக்குப் பாதையும் இல்லை, நெடுக்குப் பாதையும் இல்லை. நேர் ரோட்டுல, ஒரு இடத்துலகூடக் கால் ஊணாம ஏறினது. தெரியாம எதையும் பேசாதீங்க."

தங்கை புருஷனுக்காக இவ்வளவு ரோஷமா என்று டாக்டருக்கு வயிறு எரிந்தது. அந்தப் பட்டியலில் அவன் பெயருக்கு மேலே தன் பெயர் வரவேண்டும். அதைப் பார்த்து அவள் முகம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தனக்காக அப்படிச் சிவக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மறுநாளே சைக்கிள் கடைக்குப் போனார். கடைக்காரர் 'முடியாது' என்ற சொல்லை வாழ்க்கையில் பயன்படுத்தாதவர். எதைக் கேட்டாலும் "போட்டுடலாம் டாக்டர்" என்பார். சகலையின் பச்சை வண்டிக்கு ஒரு படி மேலான கறுப்பு வண்டியை எடுத்துக் காட்டினார். சட்டம் எடை குறைவு, பிரேக் நல்ல ரகம், டயர் கல்லிலும் வழுக்காது என்று விவரமாகச் சொன்னார். டாக்டர் இதையெல்லாம் காதில் வாங்காமல், பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, நோயாளியின் வாய்க்குள் பார்ப்பதுபோல டார்ச் அடித்துப் பல்லை எண்ணினார். ஐம்பத்தொன்று.

"அவன் வண்டியிலும் இதேதானே இருக்கு?"

ஏற்றத்தில் பின்சக்கரப் பல் கூடினால் மிதிப்பது லேசாகும் என்பது வாஸ்தவம், ஆனால் ஒரு பல் வித்தியாசத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாது. ஒரு பல்லுல மனுஷனுக்கு என்ன வித்தியாசம் வரும்னு எனக்குத் தெரியும்" என்றார் டாக்டர்.

"அப்ப போட்டுடலாம் டாக்டர்."

நோயாளி ஓடிப்போன அன்று முடிவானது இதுதான். ஆனால் ஐம்பத்திரண்டு பல் அடுக்கு வேறொரு கம்பெனியின் சரக்கு. அது இந்தச் சக்கரத்தின் நடுக்குடத்தில் உட்கார மறுத்தது. குடத்தை மாற்றினார்கள். புது அடுக்கு உட்கார்ந்தது. பழைய கியர் நெம்புகோலுக்கு அதோடு ஒத்துப்போகவில்லை. மூன்றாவது கியருக்குத் தட்டினால் ஐந்துக்குப் போனது; ஐந்துக்குத் தட்டினால் யோசித்தது. நெம்புகோலை மாற்றினார்கள். அதற்குப் பொருத்தமாக, பின்னால் தொங்கிக்கொண்டு செயினைத் தள்ளிவிடுகிற கையையும் மாற்றினார்கள். அந்தக் கைக்குப் பழைய செயின் எட்டவில்லை. புதுச் செயின் வந்தது. கறுப்பு வண்டியில் கறுப்பு வர்ணம் தவிர வாங்கும்போது இருந்தது அநேகமாக எதுவும் மிச்சமில்லை.

அத்தோடு விட்டிருந்தால் வண்டியாவது ஓடியிருக்கும். டாக்டருக்குத் திடீரென்று முன்பக்கத்து நினைவு வந்தது. மிதிகட்டையோடு சேர்ந்த முன் பல்சக்கரத்தில் முப்பத்திரண்டு பல். சகலை வண்டியிலும் முப்பத்திரண்டு. தெருவில் போகிற எவன் வாயைத் திறந்தாலும் முப்பத்திரண்டு. இதில் நமக்கென்ன பெருமை என்று தோன்றியது. முன்னால் பல்லைக் கூட்டினால் சமதரையில் வேகம் பறக்கும், ஏற்றத்தில் மட்டும் மிதிக்க முடியாதபடி கனக்கும் என்று கடைக்காரர் விளக்கினார். டாக்டர் 'பறக்கும்' வரை கேட்டுக்கொண்டார்.

முப்பத்தாறு பல் சக்கரம் மாட்டியதும் அது வண்டியின் சட்டத்தில் உரச ஆரம்பித்தது. மிதிக்கும்போதெல்லாம் க்ளினிக்கில் பல்லைத் துளைக்கிற சத்தம் வந்தது. டாக்டருக்கு அந்தச் சத்தம் பழக்கம்தான், ரோட்டில் போகிறவர்கள் தாடையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைக்காரர் ஒரு வளையத்தைச் செருகிச் சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளினார். சத்தம் நின்றது. செயின் கோணலாக ஓடி, நினைத்த இடத்தில் கழன்று விழ ஆரம்பித்தது.

முதல் வெள்ளோட்டத்தில் அது சிக்னலில் கழன்றது. கையெல்லாம் கறுப்பு மசியோடு டாக்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது லிஃப்ட் வேலை செய்யவில்லை. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, மாடிக்கு மாடி நின்று நின்று ஏறினார். மனைவி இரண்டு கையிலும் கனமான பைகளோடு கூடவே ஏறினாள். தினமும் காலையில் போய்வரும் தங்கை வீட்டுத் திரைச்சீலை, வாடகைக்காரர் புகார், கரண்ட் பில் என்று ஒரு மூச்சும் வாங்காமல் பேசிக்கொண்டே வந்தாள். வாசலில் பையை வைத்துவிட்டு வண்டியைக் கூர்ந்து பார்த்தாள்.

"முன்னாடி இவ்வளவு பெருசு எதுக்குங்க? ஏத்தத்துல முட்டி கழண்டுடும்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. "இதை உனக்கு யார் சொன்னா? சகலையா?"

அவள் சாவியைத் தேடினாள். சாவி கிடைத்த பிறகு, "ஆமா" என்றாள்.

அன்றைக்கே அந்த முப்பத்தாறு பல்லை உயிர் போனாலும் கழற்றுவதில்லை என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார்.

அடுத்த வாரம் தங்கை வீட்டில் விருந்து. சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை தானும் சகலையும் சேர்ந்து மலைச்சாலையில் ஏறப்போவதாக அறிவித்தார். சகலையின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அவர் பார்வை தம் மனைவியிடம் போய், அங்கிருந்து டாக்டரின் மனைவியிடம் வந்தது. பாராட்டுக்கு ஆள் தேடுகிறான் என்று டாக்டர் பல்லைக் கடித்தார்.

முட்டி வலிக்கிறது என்று ஆரம்பித்தார் சகலை. மாத்திரை எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்பெனிக்கு நாற்காலி இறக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார ஒருத்தரும் இருக்க மாட்டார்கள் என்றார் டாக்டர். மழை வரும் என்றார். டாக்டர் எழுந்து ஜன்னல் திரையை விலக்கி வெயிலைக் காட்டினார்.

"எதுக்குங்க இந்தப் போட்டியெல்லாம்? விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி. அவள் குரலில் நிஜமான கவலை இருந்தது. அந்தக் கவலை யாருக்காக என்பதில் டாக்டருக்குச் சந்தேகமே இல்லை.

"பயமா இருந்தா இருக்கட்டும் சகலை, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"பயமெல்லாம் இல்லண்ணா" என்றார் சகலை, பயந்த குரலில். "வரேன்."

கிளம்பும்போது டாக்டர் நைசாக நழுவி, வராந்தாவில் நின்ற பச்சை வண்டியை ஒரு நோட்டம் விட்டார். அங்கேதான் ரகசியம் பிடிபட்டது. அவ்வளவு நெட்டை மனிதரின் வண்டியில் சீட்டு மட்டும் நன்றாகக் கீழே இறக்கி வைத்திருந்தது. சும்மா ஒருத்தன் இப்படி வைப்பானா? இதுதான் சூட்சுமம் என்று புரிந்துகொண்டு, மறுநாள் காலை முதல் வேலையாகக் கடைக்காரரிடம் போய்த் தன் சீட்டையும் அதற்கு ஒரு விரற்கடை கீழே இறக்கச் சொன்னார். அப்படி இறக்கினால் காலை நீட்டி மிதிக்க முடியாது, பாரமெல்லாம் முழங்காலில் விழும் என்று தொடங்கிய கடைக்காரர், டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "போட்டுடலாம்" என்று முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் சகலை தலைக்கவசத்தை முன்பின்னாக மாட்டிக்கொண்டு வந்து நின்றார். எதிராளியை ஒரு பொருட்டாக மதிக்காத திமிர் என்று டாக்டர் அதற்கும் பொருள் கொண்டார். இருவரும் மிதித்தார்கள். முதல் வளைவுவரை சமதரை. முப்பத்தாறு பல் உண்மையிலேயே பறந்தது. டாக்டர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். வளைவு தாண்டி ஏற்றம் தொடங்கியதும், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல வண்டி நின்றது. எம்பி மிதித்தார். முழங்கால் மோவாயில் இடித்தது. ஐம்பத்திரண்டாவது பல்லை நம்பி நெம்புகோலைத் தட்டினார். செயின் கழன்று, தார் ரோட்டில் பாம்புபோல நெளிந்து கிடந்தது.

மாட்டினார், கழன்றது. மறுபடி மாட்டினார். மறுபடி கழன்றது. கடைசியில் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். சகலை எந்த நிமிஷமும் பக்கத்தில் விர்ரென்று கடந்து போவான், போய் மாலையில் மேஜையில் உட்கார்ந்து சொல்வான், அவள் முகம் சிவக்கும். நினைக்க நினைக்க வண்டி கனத்தது. யாரும் கடந்து போகவில்லை. ஒரு வளைவில் மூச்சு வாங்க நின்று கீழே எட்டிப் பார்த்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

கீழே, இரண்டு வளைவு தள்ளி, சகலையும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தள்ளினார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. சைக்கிள்மேல் சாய்ந்துகொண்டு நகர்ந்தார்.

டாக்டருக்கு எங்கிருந்து தெம்பு வந்ததோ தெரியவில்லை. கறுப்பு வண்டியைக் கிட்டத்தட்ட தூக்கிக்கொண்டே ஓடினார். தள்ளி வந்தாலும் முதலில் வந்தவன் முதலில் வந்தவன்தான். இன்று மாலை இதை எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்திச் சொல்வது, அவள் முகத்தை எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்றெல்லாம் வழியிலேயே யோசித்துவிட்டார். உச்சிக்கு வந்து, தண்ணீர்த் தொட்டி வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு, தானும் அதன் பக்கத்தில் விழுந்தார். தொட்டிக் காவலாளி ஒரு செம்பு தண்ணீரோடு வந்தார்.

"நான்தான் முதல்ல வந்தேன். நீங்க பாத்தீங்கல்ல?" என்றார் டாக்டர், மூச்சுக்கு நடுவே.

பார்த்ததாகக் காவலாளி பணிவாக ஒப்புக்கொண்டார். பிறகு நெற்றிக்குமேல் கையை வைத்து, கீழே ஊர்ந்து வந்த பச்சை வண்டியைக் கவனித்தார்.

"அதை யாரோ ஆம்பளை தள்ளிட்டு வர்றாரே. அந்த அம்மா இன்னிக்கு வரலையா சார்?"

"எந்த அம்மா?"

"தினமும் காலையில அந்த வண்டியில நிக்காம மேல வர்றவங்க சார், தங்கச்சி புருஷன் வாங்கி ஓட்ட முடியாம மூலையில போட்டதாம், அவங்க வீட்டுக்காரர் யாரோ பல் டாக்டராம், பொண்டாட்டி முதல்ல வந்தா அந்த மனுஷன் பொறாமையிலயே வெந்துடுவாரு, தங்கச்சி புருஷன் பேரே இருந்துட்டுப் போகட்டும், அதை அவரு கண்டுக்கவே மாட்டாருன்னு சொல்வாங்க."