கொழுப்பர் பேசாதிருந்த மாதம்

வன்னியிலேயே ஆகக் கூடிய கொழுப்புள்ள மனுசன் எங்கள் கொழுப்பர்தான். ஆள் வேலிக் கதியால் மாதிரி மெலிவு. கொழுப்பு முழுக்க வாயில். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் கிளாக்கர். அவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை. அவருடைய மனைவி யாழ்ப்பாணத்தில்.

மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் உறைந்தால் எனக்குக் கந்தோர் பிந்தும். கொழுப்பர் என்னை மறித்து, முற்றத்து விறகை அடுக்கிக் காட்டத் தொடங்குவார். நேர் விறகு நெருங்கிப் படுக்கும். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்கள் அப்படி, அதனால் உறைகிறது. கோணல் விறகு இடைவெளி விடும்; அது நல்லெண்ணெய். ஒரு கிளிசரினில் மூன்று கொழுப்பமிலம் தொங்குவதைக் காட்ட, என் மூக்குக்கு முன்னால் மூன்று விரலைத் தொங்கவிடுவார்.

ஒருமுறை அயலில் செத்தவீடு. சுடலையில் சிதைக்கு நெய் ஊற்றியபோது, கொழுப்பு மாப்பொருளைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூடு தருமென்று கொள்ளி வைத்த மகனுக்கே விளக்கத் தொடங்கிவிட்டார். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அதற்குப் பிறகு அவரைக் கண்டால் ஊரில் சைக்கிளைத் திருப்பாதவர் இல்லை. நானும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வேன்.

தை பிறந்ததும் அவருக்குத் தந்தி வந்தது. மனைவி செத்துப்போனா. முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடித்துத் திரும்பியவர் வாயே திறக்கவில்லை. குழம்பில் எண்ணெய் மிதந்தாலும் பாராமல் பிசைந்து விழுங்கினார். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடியே நிற்கிறாராம். ஒரு மாதம் போனது. வீட்டில் என் செருப்புச் சத்தம் எனக்கே பயமாயிருந்தது.

ஒரு பின்னேரம் கிணற்றடியில் உடம்புக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு நின்றேன். அவர் வாளியோடு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாஸ்டர், சவர்க்காரம் எண்ணெயிலைதானே செய்யிறது? பிறகெப்பிடி எண்ணெய் அழுக்கைக் கழுவுது?"

வாளியைக் கீழே வைத்தார்.

"அதுக்கு ஒரு தலை, ஒரு வால், தம்பி. தலைக்குத் தண்ணியோடை உறவு. வாலுக்கு எண்ணெயோடை உறவு. சேராத ரெண்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகும்." என் கையிலிருந்த சவர்க்காரத்தை வாங்கிப் பார்த்தார். "கலியாணம் முடிச்ச புதிசிலை அவாவுக்கும் இதைச் சொன்னனான். சிரிச்சவா."

பிறகு சொல்லிக்கொண்டே போனார். பொழுது பட்டது. சவர்க்காரம் காய்ந்து உடம்பெல்லாம் இழுத்தது. நான் வாளியைத் தொடவில்லை.