சுர்மை அண்ணாச்சியின் ட்ரெய்லர்

தாராவியில் இருக்கிற அத்தனை தமிழர்களிலும், கடலில் கால் நனைக்காமலேயே கடலோடி ஆனவர் சுர்மை அண்ணாச்சி ஒருவர்தான். சுர்மை என்பது வஞ்சிர மீனுக்கு மும்பைப் பெயர். "ஒருநா இல்ல ஒருநா, ஆள் உசரத்துக்கு ஒரு சுர்மை பிடிச்சிட்டு வாரேனா இல்லையான்னு பாருலே" என்று எங்கள் சந்தில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, பிடிக்காத மீனின் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. தொழில், தோல் பெல்ட் தைப்பது.

போன வருஷம் அலிபாக் கடற்கரையில் படகுச் சவாரிக் கடையை மூடிய ஒருவரிடமிருந்து பழைய ஜெட் ஸ்கீ ஒன்றை வாங்கினார். தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர். ஊரெல்லாம் அதில் ஏறிக் கூச்சல் போடும்; அண்ணாச்சி அதில் ஏறி மீன் பிடிப்பாராம். பின்பக்கம் தூண்டில் செருகக் குழாய்கள், அவற்றை ஒட்டி ஒரு பெரிய ஐஸ் பெட்டி, எல்லாம் பொருத்தியாயிற்று. அனுமதிக் காகிதங்கள்கூட வாங்கிவிட்டார். எட்டுப் பேர் அதை ஒருக்களித்துத் தூக்கிவந்து பட்டறை வாசலில் இறக்கியபோது, அவர் மனைவி ஜெயா மதினி எட்டிப் பார்த்தார். பட்டறைக்கு உண்மையான முதலாளி மதினிதான்.

"கடல் இங்க வருமா, இல்ல இது அங்க போகுமா?"

அண்ணாச்சி அதுவரை யோசித்திராத கேள்வி.

மழைக்காலம் முழுக்க ஜெட் ஸ்கீ வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. பழைய இரும்பு வாங்கும் பங்கார்வாலா தினமும் வந்து, மாட்டைத் தடவுவதுபோல் அதைத் தடவிவிட்டுப் போனார். மதினி கடைசியில் தீர்ப்பு சொன்னார்: "தீவாளி கழிஞ்சு புது மிஷின் வருது. அதுக்கு மொத நாள் ஞாயித்துக்கிழம இது கடலத் தொடணும். இல்லேன்னா பங்காருக்குத்தான்."

நான் பக்கத்து வீட்டு எஞ்சினியர். அதைக் கடலுக்கு இழுத்துப்போக ஒரு ட்ரெய்லர், அதாவது சக்கரம் வைத்த இழுவண்டி, செய்யப்போவதாக அண்ணாச்சி சொன்னதும் ஆபீஸ் வேலையை ஒதுக்கிவைத்து வீடியோக்களில் மூழ்கினேன். "அண்ணாச்சி, வெறும் பெயிண்ட் அடிச்ச இரும்பு வேண்டாம், உப்புத் தண்ணி தின்னுரும். துத்தநாகம் பூசினதுதான் பக்கா. அப்புறம் நல்ல அகலம் வேணும். அகலம் இருந்தாத்தான் கவுறாது."

அண்ணாச்சி பெல்ட் அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு போய்ச் சந்தின் அகலத்தை அளந்தார். "ஏலே எஞ்சினியரு, நீ சொல்லுத வண்டி உள்ள வரணும்னா ரெண்டு பக்கத்து வீட்டையும் இடிக்கணும். நம்ம சந்துக்கு இடுப்பு ரொம்பச் சின்னதுலே."

எனவே கோவண்டி பகுதியில் ஒரு வெல்டிங் கடையில், சந்தின் இடுப்புக்குத் தக்க ஒல்லியாக ஒரு ட்ரெய்லர் தயாரானது. சக்கரத்தை எங்கே வைப்பது என்று வெல்டர் கேட்டார்.

"நட்ட நடுவுல. பாக்க லட்சணமா இருக்கும்."

"கொஞ்சம் பின்னால தள்ளணும் அண்ணாச்சி. முன்பக்கம் கனமா இருக்கணும்" என்றேன்.

"முன்னால கனமா இருந்தா இழுக்கறவன் தோளு என்னத்துக்கு ஆகும்?"

"இழுக்கறதா? கார்ல கட்டலையா?"

"யார்லே காரு வச்சிருக்கா?"

ஞாயிறு காலை, வீட்டு வாசல்களில் இருந்தவர்கள் கால்களை மடக்கி, வயிற்றை எக்கி வழிவிட, நட்ட நடுவில் சக்கரம் வைத்த ட்ரெய்லர் ஜெட் ஸ்கீயைச் சுமந்து சுவரில் உரசாமல் வெளியேறியது. அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. ரோட்டுக்கு வந்ததும் இரண்டு முழு ஐஸ் பாளங்களை வாங்கிப் பின்பெட்டியில் போடச் சொன்னார். ஐஸின் கனத்தை அவரும் நினைத்திருக்கவில்லை. அத்தனை வீடியோ பார்த்த நானும் நினைத்திருக்கவில்லை.

வண்டியின் பின்புறம் பொத்தென்று தரையில் உட்கார்ந்தது. இழுகம்பி வானத்துக்கு எழுந்தது. அதைப் பிடித்திருந்த அண்ணாச்சியும் கூடவே எழுந்தார்.

"விட்ராதீங்க அண்ணாச்சி!"

"நான் எங்கலே விட்டேன், அதுல்லா என்னைய விட மாட்டேங்கு!"

பின்னால் பஸ் ஒன்று ஹாரனை அமுக்கிப் பிடித்தது. ஐஸை இறக்கிவிடலாம் என்று கத்தினேன்.

"சுர்மை மாட்டுனா எதுல வைக்க? ஒன் லேப்டாப் பையிலயா?" அந்தரத்திலிருந்து பதில் வந்தது.

சந்து முனையில் ஜெயா மதினி நின்றுகொண்டிருந்தார். பேசாமல் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் போதும், மறுநாள் வாசல் காலி. அவர் சேலையை இழுத்துச் செருகினார். என் தோளைப் பிடித்து ஏறி, வண்டியின் முன்கட்டையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். இழுகம்பி அடக்கமாகக் கீழே வந்தது. அண்ணாச்சியின் செருப்பு பூமியைத் தொட்டது.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? இழுங்க!"

மாஹிம் கடற்கரை வரைக்கும் இழுத்தோம். தலை நிறையப் பூவோடு மதினி முன்னால், பளபளவென்று ஜெட் ஸ்கீ பின்னால். வழியில் ஒரு பெரியவர் கைகூப்பி, "எந்தக் கோயில் சப்பரம்மா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக் கிறுக்கன் கோயில் சப்பரம்!" என்றார் மதினி. அடுத்த சிக்னலில் யாரோ கைகாட்ட, அவரும் பதிலுக்குக் கைகாட்ட ஆரம்பித்துவிட்டார்.

கடற்கரையில் ட்ரெய்லரைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் தள்ளினோம். ஜெட் ஸ்கீ மெல்ல எழும்பி மிதந்தது. "தொட்டுட்டுடீ!" என்று அண்ணாச்சி போட்ட கூச்சலில் மணலில் நின்ற காக்கைகள் கலைந்தன. எஞ்சின் இருமி, கனைத்து, உறுமியது. கொஞ்ச தூரம் போனவர் வட்டமடித்துக் கரைக்கே திரும்பினார். பின்சீட் எனக்குத்தான் என்று பேச்சு. மிதவைச் சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அண்ணாச்சி என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"ஏறு ஜெயா."

"சேலை நனையும்."

"நனையட்டும்."

மதினி என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தச் சட்டையக் கழட்டுங்க."

இரண்டு பேரும் போய்விட்டார்கள். மதினி சிரிக்கும் சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்டது. நான் முழங்கால் தண்ணீரில் நின்று, அலை இழுத்துப் போய்விடாதபடி அந்த ஒல்லி ட்ரெய்லரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கிஸ்கா ஹை யே?" என்று கேட்டார்.

யாருடையது என்று சொல்ல எத்தனையோ வழி இருந்தது. பெல்ட்காரருடையது என்றிருக்கலாம், ஒரு கிறுக்கருடையது என்றும் சொல்லியிருக்கலாம்.

"அப்னா ஹை" என்றேன். நம்முடையது.