புரட்டாசியில் ஓர் ஆட்டிறைச்சிப் படம்

"ஏம்மா லோகேஸ், டிகிரி வாங்கினியே, காலண்டர் வாங்கலயா?"

திரைப்பட மன்றத் தலைவர் பழனியப்பன் போனில் கேட்ட பிறகுதான் லோகேஸ்வரிக்கு உறைத்தது. திரையிடலுக்கு அவள் குறித்திருந்த நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேர் விரதம். போஸ்டரிலோ, 'படத்தில் கொதிக்கும் ஆட்டிறைச்சிப் பிரட்டல் உங்கள் தட்டிலும்!'

சாப்பாட்டுப் படத்தைக் காட்டிவிட்டு ஆட்களை வெறும் வயிற்றோடு அனுப்புவது பாவம் என்பது அவள் கொள்கை. மன்றத்தில் சேர்ந்து மூன்று மாதம். இந்த நிகழ்ச்சிக்குக் கூட்டம் வந்தால்தான் வேலை நிரந்தரம். பந்திங்கில் லோரி ஓட்டும் அப்பா, "மகளுக்கு கேஎல்ல ஆபிஸ் வேலை" என்று அதற்குள் ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

"தேதிய மாத்திரலாம் சார்."

"ஹால் கிடைக்காது. மெனுவ மாத்து."

கிள்ளானில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஷெர்லி ஆன்டியைக் கூப்பிட்டாள்.

"ஆன்டி, மட்டனுக்குப் பதிலா சோயா போடுங்க. அதே மசாலா."

"சோயாவுக்கு அந்த மசாலாவா? ஓவர் லா."

"பரவால்ல ஆன்டி."

வாட்சாப் குழுவில் 'சோயா பிரட்டல்' என்று திருத்திப் போட்டாள். பத்து நிமிடத்தில் முப்பது பேர் கழன்றுகொண்டார்கள். தம்புசாமி அங்கிள் குரல்பதிவே அனுப்பினார்: "சோயா தின்ன நான் எதுக்கும்மா செலாயாங்லேருந்து வரணும்? வீட்டுலயே அந்தக் கொடுமைதான் நடக்குது."

'சைவ மட்டன்' என்று மாற்றினாள். "பேர்லயே ஆடு நிக்குதே, பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரா?" என்று இன்னொரு கூட்டம் கிளம்பியது.

லோகேஸ்வரிக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்றாவது செய்தியை அந்தக் கோபத்திலேயே தட்டினாள். 'பார்த்தால் ஆடு. முகர்ந்தால் ஆடு. கடித்தாலும் ஆடு. ஆனால் நூறு விழுக்காடு சைவம். நான் பொறுப்பு. நம்பினால் வாங்க, இல்லன்னா வீட்டுல தயிர் சாதம் சாப்பிடுங்க.'

அனுப்பிய கையோடு, வேலை போயிற்று என்று முடிவுகட்டினாள்.

சனிக்கிழமை மதியம் எண்பது நாற்காலிக்கு நூற்றுப்பத்துப் பேர் வந்து நின்றார்கள்.

படத்தில் ஒரு முரட்டுச் சமையல்காரர், கோபித்துக்கொண்டு போன மனைவியை ஒரு சட்டிக் கறியால் வீட்டுக்குத் திரும்ப வரவைக்கிறார். திரையில் வெங்காயம் பொன்னிறமானபோது முன்வரிசை எச்சில் விழுங்கியது. கறி விழுந்து சட்டி சீறியபோது அரங்கமே பெருமூச்சு விட்டது. விளக்கு போட்டதும் யாரும் கைகூடத் தட்டவில்லை. நேரே பானைக்குப் போய்விட்டார்கள்.

வரிசையை ஒழுங்குபடுத்துவதிலேயே லோகேஸ்வரிக்கு நேரம் போயிற்று. ஒரு வாய் சாப்பிடவில்லை. தலைவர் மூன்றாம் முறை தட்டை நீட்டியதை மட்டும் பார்த்தாள். நிம்மதியாக மூச்சு விட்ட நேரம், ஷெர்லி ஆன்டியின் போன் வந்தது.

"கேர்ள், சாப்பாடு போட்டுட்டியா? நிறுத்து, நிறுத்து! இங்க ஞானஸ்நான வீட்டுல பாட்டு விழுது. உன் சோயா இங்க வந்துருச்சு! வேன்காரன் பானைய மாத்தி இறக்கிட்டான்."

"அப்போ இங்க இருக்கிறது?"

"ஆடும்மா. அசல் ஆடு."

லோகேஸ்வரி போனை அணைத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை மிஞ்சும். ஆனால் 'நான் பொறுப்பு' என்று எழுதியவள் அவள்தானே. நம்பி வந்தவர்களின் விரதத்தைக் கெடுத்துவிட்டு என்ன நிரந்தரம்? மேடையைப் பார்த்து நடந்தாள்.

அங்கே பழனியப்பன் மைக்கைப் பிடித்திருந்தார். "நாப்பது வருஷமா விரதம் இருக்கேன். இப்படி ஒரு சைவத்த நான் சாப்பிட்டதே இல்ல! இந்தப் பிள்ளைக்குத் திங்கட்கிழமையே நிரந்தரக் கடிதம்!"

கைதட்டல் அடங்கவில்லை. மேடைப்படியில் அவள் கால் வைக்கப்போக, தலைவரின் மனைவி லெட்சுமி மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"எங்கம்மா போற?"

"விடுங்க ஆன்டி, சொல்லியே ஆகணும். நீங்க எல்லாரும் சாப்பிட்டது சைவம் இல்ல. நெஜ ஆடு!"

லெட்சுமி சுற்றுமுற்றும் பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டு அவள் காதருகே குனிந்தார்.

"மெதுவா பேசு. அது ஆடுன்னு ஹாலுக்கே தெரியும். எலும்பச் சுத்தி மறைக்க டிஷ்யூதான் பத்தல, ஓடிப்போய் ரெண்டு பாக்கெட் கொண்டா."