வேலி சாரும் நான் பிடுங்கிய பிளக்கும்

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது நாலு, தங்கை விட்டுப்போனது இரண்டு, ஆக ஆறு பேரை ஆளாக்கியவள். அந்த ஆறு பேரும் சேர்ந்து கொடுக்காத ரோதனையை வேலி சார் ஒருவரே கொடுத்தார்.

பால்மரம் சீவிய எஸ்டேட்டை மூடிய பிறகு, மலேசியாவில் காம்பார் ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குத் துப்புரவு வேலை. மூக்குக்குப் பின்னால் வரும் புற்றுநோயை அங்கே ஆராய்ந்தவர் அவர். உயிரணு வளர்க்கும் பெட்டியைத் திறக்குமுன் கதவில் இரண்டு தட்டு தட்டுவார். "உள்ள இருக்கிறவங்க பதறக்கூடாதுலா" என்பார்.

"புற்று எப்படி வருது சார்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். துடைப்பத்தைப் பிடுங்கி, ஈரத் தரையிலேயே வீடும் சுற்றி வேலியும் வரைந்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் வேலி சார்.

"அக்கா, கிருமி உள்ள பூந்து ஒரு ஆள வச்சிருது. புரதம்னு பேரு. எல்லாரும் அவன வீட்டுக்குள்ள தேடுறாங்க. அவன் வேலியில, அதான் அணுவோட சவ்வுல, குந்திக்கிட்டு மணிய அமுக்கிக்கிட்டே இருக்கான். உள்ள உள்ளவன் ரெண்டு வீடு, நாலு வீடுன்னு கட்டித் தள்ளுறான்."

"மணியப் புடுங்கிப் போடுங்க சார்."

"முதல்ல அவன் அங்க இருக்கான்னு காட்டணுமே!"

அதுதான் நடக்கவில்லை. அணுக்களைக் கரைத்த சாற்றைச் சூட்டுப் பெட்டியில் கொதிக்க வைப்பார். பிறகு அகார்-அகார் ஜெல்லி மாதிரி ஒரு தகட்டில் ஊற்றி மின்சாரம் விடுவார். புரதம் கீழே இறங்கிக் கோடாகத் தெரிய வேண்டும். ஒரு வருடமாகக் கோடே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. மனிதர் சோறு தின்பதையே விட்டார்.

வெள்ளி காலை, தரை தேய்க்கும் மெஷினுக்கு இடம் வேண்டி ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கினேன். திரும்ப மாட்ட மறந்தேன்.

சாயங்காலம் அலறல். "அக்கா! சூட்டுப் பெட்டி பிளக்க யாரு புடுங்கினது?"

எஸ்டேட் கங்காணிக்கே பயப்படாதவள் நான். அன்றைக்கு மட்டும், "எந்த பிளக்கு சார்?" என்றேன்.

கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார். ரப்பர் மரத்தில் புதிதாகச் சீவிய வெட்டுப்போல, தெளிவாக ஒரு கோடு!

"இன்னிக்குப் பெட்டி சூடாகல, அவன் இறங்கிட்டான்! இத்தன நாளா கொதிக்க வச்சு வச்சு நானே அவனக் கட்டியாக்கிட்டேன் அக்கா! கட்டியா போனவன் எப்படி இறங்குவான்?"

"கட்டிப்போன ரப்பர் பால் வடிகட்டியில இறங்குமா சார்? அது மாதிரிதான்."

"இத ஒரு வருஷமா சொல்லாம என்ன பண்ணீங்க?"

"தரை துடைச்சேன்."

திங்கட்கிழமை சூடில்லாமலே செய்தார். கோடு மறுபடி வந்தது, அறை பிழைத்தது. அதன்பின் ஒவ்வொரு தடவையும் பிளக்கை நான்தான் பிடுங்க வேண்டும் என்று அடம். "கைராசி அக்கா!" படித்த மனிதர் பேசுகிற பேச்சா இது?

நான் வேலையை விட்டு வெகுநாளாகிறது. இப்போதும் வீட்டு ஐஸ்பெட்டியைத் திறக்குமுன் இரண்டு தட்டு தட்டுகிறேன். பேத்தி, அதை எழுதாதே. எழுதிவிட்டாயா? சரி, இருக்கட்டும். முதலிலிருந்து வாசி.