புளியம்பேட்டைக்கு வந்த கடல்

புளியம்பேட்டைப் பேரூராட்சிக்குக் கடல் வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை, காலைத் தபாலில்.

பொதுமக்கள் மாலை வேளைகளில் காற்று வாங்கி உடல்நலம் பேணும் பொருட்டு, எல்லாப் பேரூராட்சிகளும் நிதியாண்டு முடிவதற்குள் தத்தம் எல்லைக்குள் ஒரு கடற்கரைப் பூங்கா அமைத்துவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. புளியம்பேட்டை ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலையில் மெட்ராஸ் பஸ் பிடிக்க வேண்டும். பார்த்த கையோடு திரும்பினால் ராத்திரி வீடு வந்து படுக்கலாம்.

"சார், நமக்குக் கடல் இல்லைன்னு பதில் எழுதிடலாமா?" என்று கேட்டார் குமாஸ்தா ராமமூர்த்தி.

நிர்வாக அதிகாரி நந்தகோபால் அனுபவஸ்தர். மேலிடத்து உத்தரவுகளை அவர் அமல்படுத்துவாரே தவிர, படித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை.

"எழுதலாம். ஏன் இல்லைன்னு கேப்பாங்க. எப்போலேர்ந்து இல்லைன்னு கேப்பாங்க. இல்லாமப் போனதுக்கு யார் பொறுப்புன்னு கேப்பாங்க. நீ பதில் சொல்றியா?"

ராமமூர்த்திக்குப் பென்ஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

"கடற்கரைக்கு முதல்ல இன்னா வேணும்? மணல். நம்ம ஆத்துல இல்லாத மணலா? கரை ரெடியா இருக்குது. பாக்கி கடல் ஒண்ணுதான். அதைப் பிற்பாடு பாத்துக்கலாம்."

ஆற்றில் மணல் இருந்ததென்னவோ உண்மை. தண்ணீர்தான் இல்லை. ஊருக்குள் கிணறுகளில் தண்ணீர் உண்டு. ஆனால் சுற்றிலும் தோல் பதனிடும் டேனரிகள் வந்தபிறகு அதில் சோறு வடித்தால் மஞ்சளாக வரும், பருப்பு வேகாது. அதனால் பெண்கள் ஆற்று மணலில் பள்ளம் பறித்து, சுரக்கிற ஊற்றிலிருந்து கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட ஊற்றுகளிலேயே நல்ல ஊற்று தனபாக்கியத்துடையது. அவளும் பக்கத்து வீட்டு அக்தரி பேகமும் அதைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார்கள்.

தனபாக்கியத்துக்குக் கவலைப்பட ஏதாவது ஒன்று வேண்டும். மழை வந்தால் கூரை, வராவிட்டால் ஊற்று. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கவலை இருந்தது: மகன் மூர்த்தியின் கல்யாணம். புருஷன் போனபிறகு ஒண்டியாக வளர்த்த பிள்ளை. நல்ல பையன், முகவெட்டும் உண்டு. பெண் வீட்டார் வருவார்கள், உட்காருவார்கள், ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார்கள். அப்புறம் கடிதம்கூட வராது. "அந்த ஊர்த் தண்ணிக்கு எங்க பொண்ணைத் தர்றதுக்கில்லை" என்று தரகரிடம் சொல்லி அனுப்புவார்கள்.

இந்தத் தடவை ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம், மலையடியில் வேங்கைப்பள்ளம் என்ற ஊரிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. பெண் பெயர் சந்திரா. தனபாக்கியம் இந்த முறை ஏற்பாடாக இருந்தாள். வருகிறவர்களுக்கு ஊற்றுத் தண்ணீரைத்தான் கொடுப்பது. தேவைப்பட்டால் கையைப் பிடித்து ஆற்றுக்கே கூட்டிப்போய்க் காட்டிவிடுவது.

ஒரு நாள் காலையில் குடத்தோடு போனால் ஊற்றைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. ஒரு பலகை நட்டிருந்தார்கள். 'கடற்கரைப் பகுதி. பள்ளம் தோண்டுவோர் தண்டிக்கப்படுவர்.'

இடுப்புக் குடத்தை இறக்காமலே அவள் பேரூராட்சி ஆபீசுக்குப் போனாள்.

"இன்னாம்மா, சொல்லுங்க" என்றார் நந்தகோபால்.

"ஐயா, ஆத்துல எங்க ஊத்தைச் சுத்திக் கயிறு கட்டியிருக்குது."

"ஆறு இல்லம்மா. கடற்கரை."

"சரிங்க, கடற்கரை. அதுல நாங்க குடிக்கிற ஊத்து ஒண்ணு இருக்குது."

"கடற்கரையில ஏதும்மா குடிதண்ணி? நீங்க மெட்ராஸ் பீச்சுக்குப் போயிருக்கீங்களா?"

"ஒரு தரம் போயிருக்கேங்க."

"அங்க யாராவது குடத்தோட நின்னாங்களா?"

தனபாக்கியம் யோசித்துப் பார்த்தாள். பலூன்காரன் நின்றான், சுண்டல்காரன் நின்றான். குடத்தோடு யாரும் நின்றதாக ஞாபகம் இல்லை.

"நிக்கலைங்க."

"பாத்தீங்களா. விவரமான பொம்பளை நீங்களே இப்படி வந்து நிக்கலாமா?"

"ஐயா, அந்தத் தண்ணிய நம்பித்தான் என் பையனுக்குப் பொண்ணு பேசி வெச்சிருக்கேன்."

"பொண்ணு வீட்டுக்காரங்க தண்ணியையா மாப்பிள்ளையாக்கிக்கப் போறாங்க? பையன் இன்னா பண்றான்?"

"டேனரியில தினக்கூலிங்க. கூப்பிட்டா உண்டு."

"நீச்சல் தெரியுமா?"

"எங்கிருந்துங்க கத்துக்குவான்? ஆத்துல தண்ணி வந்தாத்தானே."

"பரவால்ல, கடல்லயும் ஜாஸ்தி இருக்காது. கடலோரப் பாதுகாவலர்னு ஒரு போஸ்ட் வந்திருக்குது. மூழ்கறவங்களைக் காப்பாத்தணும். மாசச் சம்பளம், காக்கிச் சட்டை, விசில். நாளைக்கு வரச் சொல்லுங்க."

மாசச் சம்பளம் என்ற சொல்லைக் கேட்டதும் தனபாக்கியத்தின் இடுப்பில் இருந்த குடம் கனக்க ஆரம்பித்தது. அதை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

வீட்டு வாசலில் அக்தரி பேகம் காத்திருந்தாள்.

"இன்னா தனம், கடல்கூடச் சண்டை போடப் போனியே?"

"போட்டேன்."

"யாரு ஜெயிச்சாங்க?"

"மூர்த்திக்கு வேலை குடுத்திருக்காங்க. உத்தியோகம். விசிலெல்லாம் உண்டு."

அக்தரி காலிக் குடத்தைப் பார்த்தாள். "அப்போ கடல்தான் ஜெயிச்சுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மெட்ராஸிலிருந்து ஆய்வாளர் வருவதற்கு நாள் குறித்து வந்ததும், நந்தகோபால் கடல் விஷயத்தைக் கையில் எடுத்தார். ஆற்றில் ஈரம் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். ஆட்களை விட்டுத் தனபாக்கியத்தின் ஊற்றையே அகலப் பறித்தார்கள். சாயந்திரத்துக்குள் ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்குத் தண்ணீர் ஊறி நின்றது. நந்தகோபால் ஒரு கை அள்ளி வாயில் விட்டார். முகம் வாடிப்போயிற்று.

"இளநீர் மாதிரி இருக்குதே. ஆய்வாளர் வாயில வெச்சா நம்ம கதி இன்னா ஆவறது?"

அந்த நேரத்தில் ஊருக்குக் கைகொடுத்தவர் டேனரி முதலாளி கனகராஜ். தோலைப் பதம் போடுவதற்கு முன்னால் அதில் அப்பியிருக்கும் உப்பை உதறி எடுப்பார்கள். அந்த உப்பு சோற்றுக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. டேனரிக்குப் பின்னால் குன்றுபோலக் குவிந்து கிடந்தது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியாமல் அவர் பேஜாராகிக் கிடந்தார். ஊர் நன்மைக்காக அவ்வளவையும் தானமாகத் தருவதாகச் சொன்னார். வண்டி வண்டியாக உப்பு வந்து இறங்கியது. கொடையாளி கனகராஜ் என்று கல்வெட்டும் வைத்தார்கள். கல்வெட்டு வைத்த அன்று தனபாக்கியமும் கரையில் நின்றிருந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். சவுக்குக் கம்பால் கட்டிய உயரமான பரணில் காக்கிச் சட்டையோடு மகன் உட்கார்ந்திருந்ததால் அவளும் தட்டினாள்.

ஆய்வாளர் அரங்கநாதன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினார். கடலைத் தேடிச் சற்று நேரம் தூரத்தில் பார்த்தார். பிறகு காலடியில் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"ஆரம்ப நிலை சார். படிப்படியா விரிவாக்கம் செய்வோம்."

"அலையைக் காணோமே?"

"சாயந்திரத்துல வரும் சார்."

"இது என்னய்யா நாற்றம்?"

"மீன் சார்."

"மீன் எங்கே?"

"முதல் கட்டமா வாசனை மட்டும் வந்திருக்குது சார்."

அரங்கநாதன் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணாடிக்குள் அவர் கண் இறுக மூடிக்கொண்டது. அதற்குமேல் அவருக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. கடல் விதிப்படி கரிக்கிறது என்றும், அலை இல்லாத காரணத்தால் பொதுமக்களுக்கு மிகுந்த பாதுகாப்பானது என்றும், பாதுகாவலர் மூர்த்தி இதுவரை ஒருவரையும் மூழ்க விடவில்லை என்றும் பாராட்டிவிட்டுப் போனார்.

ஊர் முதலில் சிரித்தது. அப்புறம் சும்மா பார்க்கப் போனது. அப்புறம் உடுத்திக்கொண்டு போனது. ஒரே மாதத்தில், சாயங்காலம் பீச்சுக்குப் போகாதவர்களை ஏதோ வியாதிக்காரர்கள்போல விசாரித்தார்கள். இளவட்டங்கள் தரையைக் கூட்டுகிற அகலப் பேண்ட்டும், இருட்டினபிறகும் கழற்றாத கூலிங் கிளாசுமாக மணலில் நடந்தார்கள். போட்டோ ஸ்டுடியோக்காரர் அட்டையில் ஒரு கப்பல் செய்து கொண்டுவந்து வைத்தார். ஹயாத் பாஷா தன்னுடைய ஜட்கா வண்டிக் குதிரையை அவிழ்த்துவந்து பீச் குதிரை ஆக்கினார். சுண்டல் மட்டும் வேகவில்லை. ஆனாலும் பீச் சுண்டல் கடுக்கென்றுதான் இருக்கும் என்று மெட்ராஸ் போய் வந்த ஒருவர் சொன்னதால், மென்று தின்றார்கள். மூர்த்தி பரணிலிருந்து விசில் ஊதி எருமைகளை ஆழத்துக்குப் போகாமல் தடுத்தான்.

தனபாக்கியமும் அக்தரியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றோடு மேலே மேலே நடந்தார்கள். எங்கே பறித்தாலும் கரித்தது. கடல் விரிவாக்கம் தானாகவே நடந்துகொண்டிருந்தது.

"ஆபீசுல போய்ச் சொல்லேன், தனம். உன் பேச்சைக் கேப்பாங்க" என்றாள் அக்தரி.

"சொல்லலாம். கடலை மூடிட்டா மூர்த்தி எதுக்குக் காவல் உக்காருவான்?"

அக்தரி குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மேலே நடந்தாள்.

பெண் வீட்டார் வருகிற நாளும் வந்தது. அன்று காலையில் தனபாக்கியம் தெருவெல்லாம் அலைந்தாள். ஒரு சொம்பு நல்ல தண்ணீர் யார் வீட்டிலும் இல்லை. இருந்த வீட்டிலும் பீச் பார்க்க வருகிற விருந்தாளிக்கு வேண்டும் என்றார்கள். மோர் கொடுக்கலாம் என்று கரைத்துப் பார்த்தாள். உப்பே போடாத மோர் உப்புக் கரித்தது. பெண் வீட்டார் குடித்துவிட்டுத் துப்புவதுபோலவும், மூர்த்தி தலை நரைத்துப் பரண்மேலேயே உட்கார்ந்திருப்பதுபோலவும் அவளுக்குக் கண்முன்னே வந்து போயிற்று.

சந்திராவின் அப்பா வேதாசலம் பத்துப் பேரோடு வந்து இறங்கினார். பாயில் உட்கார்ந்தவுடன் அவர் கேட்டது, "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா."

தனபாக்கியம் கொடுத்தாள். அவர் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். தொண்டையில் அது இறங்க மறுத்து நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். ஒருவழியாக விழுங்கினார்.

"கரிக்குதே."

தனபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கடல் இங்கேர்ந்து எவ்ளோ தூரம்?"

"தோ, தெருக்கோடிதாங்க" என்றாள் ஈனஸ்வரத்தில்.

வேதாசலம் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொல்லல? கடலோர ஊருன்னா தண்ணி இப்படித்தான் இருக்கும். மெட்ராஸ்லயும் இதே கதைதான். சும்மாவா, பெரிய இடம்."

கூட வந்த பெண்கள் ஆளுக்கொரு வாய் வாங்கிக் குடித்து, ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். பெண்ணைக் கொடுக்கிறோம் என்று வேதாசலம் அங்கேயே வாக்குக் கொடுத்தார். பிறகு எல்லாருமாகக் கடல் பார்க்கப் போனார்கள். அட்டைக் கப்பலுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வருங்கால மருமகன் பரணிலிருந்து அவர்களுக்காக ஒரு நீண்ட விசில் ஊதினான்.

கல்யாணம் முடிந்து சந்திரா வந்தாள். மறுநாள் காலையில் அவள் கேட்ட முதல் கேள்வி, "அத்தை, குடிக்கிற தண்ணி எங்க இருக்குது?"

தனபாக்கியம் அடுப்பை ஊதியபடியே கேட்டாள். "மெட்ராஸ் பீச்சுல யாராவது குடத்தோட நின்னு பாத்திருக்கியாம்மா?"

நான் மெட்ராஸே பார்த்ததில்லை அத்தை என்றாள் அந்தப் பெண். பார்த்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டாய் என்றாள் தனபாக்கியம். வாயில் வந்த பேச்சு யாருடைய பேச்சு என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

இதற்கிடையில் சுற்றுவட்டாரத்து டேனரிகள் எல்லாம் தங்கள் கழிவுத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து அங்கேயே விட்டன. ஆற்றில் விடுவதானால்தான் ஆயிரம் கேள்வி வரும். கடலில் விடுவதற்கு என்ன தடை? கடல் பெருகியது. சில நாட்களில் நுரைகூடத் தள்ளியது. அலை வந்துவிட்டதாக நந்தகோபால் மேலிடத்துக்குத் தெரிவித்து, பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போனார்.

வேதாசலம்தான் தெய்வம்போல வந்துகொண்டிருந்தார். மாதம் தவறாமல் மகளைப் பார்க்க வரும்போது, தங்கள் ஊர் ஏரியின் மலைத் தண்ணீரை வாய் கட்டிய குடத்தில் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவருவார். தனபாக்கியம் அதில் பாதியை அக்தரிக்குக் கொடுப்பாள். மீதியைத் தீர்த்தம்போல வைத்துக்கொள்வாள்.

பங்குனியில் ஒரு நாள் அவர் வந்தபோது முகம் எல்லாம் சிரிப்பாக இருந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார். "சம்பந்தியம்மா, இதான் கடைசிக் குடம்."

"ஏங்க, உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு இன்னா? எங்க வேங்கைப்பள்ளத்துக்கும் கடல் சாங்ஷன் ஆயிட்டுது. உங்க ஊரைப் பாத்துட்டுப் போன அன்னிக்கே மனு எழுதி, முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். ஊர் ஏரியக் குடுத்துட்டோம். உப்பு கனகராஜ் முதலாளியே லாரியில அனுப்பறாராம், தானமா. எத்தனை நாளைக்குத்தான் எங்க ஊரும் பட்டிக்காடாவே இருக்கறது?"

சந்திரா மாமியாரைப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்த அக்தரியும் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லத் தனபாக்கியம் வாயெடுத்தாள். பரண்மேல் விசில் சத்தம் கேட்டது. மகன் வேலையில் இருந்தான்.

"அலை வருமாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"அதைப் பிற்பாடு பாத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்றார் வேதாசலம். "வெயில்ல வந்தது. கொஞ்சம் தண்ணி குடுங்க சம்பந்தியம்மா."

தனபாக்கியம் எழுந்து, அவர் கொண்டுவந்த குடத்தைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு தெருக்கோடித் தண்ணீரில் ஒரு டம்ளர் மொண்டுவந்து, பெரிய இடத்துச் சம்பந்திக்கு இரண்டு கையாலும் கொடுத்தாள்.