தாளுடன் வரவும்

ஒரு காட்டில், ஏழு மறியலும் இரண்டு கூண்டுவாசமும் கண்ட முள்ளம்பன்றி ஒருவர் இருந்தார். பெயர் கனலரசு. கொள்கை போக அவருக்கு மிஞ்சிய சொத்து, வளைக்குப் பின்னால் ஒரு பாத்தி வெங்காயத்தாள்தான்.

அந்தக் கோடையில் அரசு ஓடைக்குப் பூட்டுப் போட்டது. பக்கத்திலேயே பலகையும் வைத்தது: "தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டுவோர் தாளுடன் வரவும்."

கனலரசு துண்டறிக்கை படித்தே எழுத்துக் கற்றவர். அவருக்கு யாராவது விளக்க முடியுமா? ஒரு கட்டு வெங்காயத்தாளை அறுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார். முன்னால் ஆமை மாரப்பன், கையில் விண்ணப்பத்தாள்.

"காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்களே, மாரப்பண்ணே! விளைச்சலைக் காட்டச் சொல்கிறான், புரியவில்லையா?"

"தோழர் நாலும் படித்தவர்," என்றது ஆமை. காகிதத்தை மட்டும் விடவில்லை.

சாளரத்தில் எழுத்தர் வெள்ளாடு. ஆமையின் தாளை ஓரத்தில் கடித்துப் பார்த்துத் துப்பியது. "என்னய்யா இது, காய்ந்த சருகு? பச்சையாகக் கொண்டு வாரும்!"

அடுத்து கனலரசின் கட்டு. முகர்ந்தது, மென்றது, கண்ணை மூடியது.

"முதல் பிரதி சரி. இன்னும் இரண்டு வேண்டும்."

"பார்த்தீரா!" என்று ஆமையிடம் முள்ளைச் சிலிர்த்தார் கனலரசு.

வேருக்கு மேல் இரண்டு விரற்கடை விட்டு அறுத்தால் வெங்காயத்தாள் மறுபடி துளிர்க்கும். துளிர்த்தது, கொடுத்தார். மூன்றாம் முறை, தண்ணீரில்லாமல், நூல் போல மஞ்சளாக வந்தது. இன்னும் நாலு நாளில் பாத்தியே செத்துவிடும்.

"இது செல்லாது," என்றது ஆடு.

கனலரசுக்குப் பழைய ரத்தம் கொதித்தது. நேரே போய்ப் பாத்தியை வேரோடு பிடுங்கி வந்து சாளரத்தில் வீசினார். "இந்தாரும், மொத்தமாகத் தின்னும்! இனி அறுக்க என்னிடம் ஒன்றுமில்லை!"

ஆடு பதறி எழுந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது எழுந்ததே அன்றுதான்.

"ஐயையோ, வேரோடா? அப்புறம் அடுத்த மாதம் அலுவலகம் எப்படி நடக்கும்?"

அங்கேயே முத்திரை குத்தி, தினம் இரண்டு குடம் தண்ணீர் ஒதுக்கியது. வேர்களைத் தூசி தட்டித் திருப்பித் தந்தது. "உடனே நடுங்கள் தோழரே. தளதளவென்று வளர்ந்ததும் உத்தரவைப் புதுப்பிக்க வாருங்கள். தாளுடன்."

ஏழு மறியலில் கிடைக்காத வெற்றி! கனலரசு அன்றைக்கே துண்டறிக்கை போட்டார். அதைப் படித்த ஆமையும் வீட்டுக்குப் பின்னால் வெங்காயம் நட்டது.

நீதி: வேரை விட்டுவிட்டு மேலே மட்டும் அறுத்துத் தின்பதே நல்லாட்சி, மறுபடி துளிர்ப்பதற்கு ஊற்றும் தண்ணீரே நலத்திட்டம்.