தடுப்பணைக்கு வந்த நாலாவது மனு

"வந்துடுச்சா?" அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள்.

"வந்துடுச்சு. நாலாவது ஆட்சேபணை. இந்தத் தடவை வாத்துக்காக!" ஓய்வுபெற்ற மின்பொறியாளர் கடிதத்தை மேசைமேல் ஓங்கி அடித்தார்.

ஆற்றுத் தடுப்பணையில் ஒரு சின்ன டர்பைன் வைத்தால் நாற்பது வீட்டுக்கு விளக்கெரியும். அவர் நகராட்சிக்குக் கொடுத்த திட்டம் அது. முப்பது வருடம் அடுத்தவர் கட்டிய மின்நிலையத்தில் பொத்தானை அமுக்கியாயிற்று. கண்ணை மூடுவதற்குள் தன்னுடையது என்று ஒன்றாவது சுழலவேண்டும். பாவம், கேட்டது அவ்வளவுதான்.

எவனோ ஒருவன், பெயர்கூடப் போடாமல் 'ஆற்றங்கரைவாசி' என்று தட்டச்சு செய்து, மீன் எப்படி மேலேறும் என்று கேட்டான். மீனுக்குப் படிக்கட்டு வரைந்தார். அது பாதித் தண்ணீரைக் குடித்தது. நாற்பது வீடு இருபதானது. சத்தத்தில் தூக்கம் கெடும் என்றான். டர்பைனைச் சின்னதாக்கினார், பத்து வீடு. தண்ணீர் விழும் அழகு போய்விடும் என்றான். அழகுக்கும் விட்டுக்கொடுத்தார். மூன்று வீடு.

ஒவ்வொரு தடவையும் நீரோட்டத்தை மறுபடி அளக்கவேண்டும். ஆரஞ்சுப் பழத்தை ஆற்றில் போட்டுவிட்டு, அது நூறு அடி போக எத்தனை விநாடி என்று, கையில் கடிகாரத்தோடு கரையில் கூடவே ஓடுவார். எதிரே வருகிறவர்கள் பயந்து ஒதுங்குவார்கள்.

"யாருங்க அந்த ஆளு? வேலவெட்டி இல்லாதவனா இருப்பான்" என்று மனைவி பையில் பழங்களைப் போட்டாள். "ஆறு பழம் போதுமா?"

"பழமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். வாத்துக்கும் வழிவிட்டா ஒரே ஒரு தெருவிளக்குதான் மிஞ்சும். திட்டத்தையே வாபஸ் வாங்கப் போறேன்."

அவள் முகம் வெளிறியது. "அவசரப்படாதீங்க. நாளைக்கு யோசிச்சுக்கலாம்."

அவர் கேட்டால்தானே! செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வழியில் தடுப்பணையருகே கால் தானாக நின்றது. எத்தனை விளக்கு இப்படி வீணாக விழுந்துகொண்டிருக்கிறது! அந்த ஒற்றைத் தெருவிளக்காவது எரியட்டுமே என்று மனசு கெஞ்சியது. சீ, பட்ட பாடு போதும் என்று நடையைக் கட்டினார்.

நகராட்சி அலுவலகத்தில் மனு வாங்கும் குமாஸ்தாவிடம் கோப்பை நீட்டினார்.

"இந்தாங்க, வாபஸ். அந்தப் புண்ணியவான் ஜெயிச்சிட்டான்னு சொல்லிடுங்க."

குமாஸ்தா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கோப்பைத் திரும்பத் தள்ளினார்.

"ஐயோ, அது மட்டும் வேண்டாம் சார்! அந்த நாலு மனுவையும் உங்க வீட்டம்மாதான் கொண்டாந்து குடுத்தாங்க. 'ரிட்டயர் ஆனதுலேர்ந்து படுத்த படுக்கையாக் கெடந்த மனுஷன் இதனாலதான் எழுந்து ஓடுறாரு, சட்டுனு அனுமதி குடுத்துடாதீங்க'ன்னு அழுதாங்க சார்!"